சிலிண்டருக்குச் சவரம் செய்த வருடம்

எங்கள் வீட்டில் யாராவது "2022இல்" என்று பேச்சை ஆரம்பித்தால் ஒருவருக்கும் சட்டென்று பிடிபடாது. "தாத்தா சிலிண்டருக்குச் சவரம் பண்ணின வருசம்" என்றால்தான் புரியும். எல்லோரும் சிரிப்போம். அம்மாயி மட்டும் சிரிக்க மாட்டார். அவரைப் பொறுத்தவரை அது சிரிப்பு விஷயம் இல்லை, அவருடைய அடுப்பை இடித்த வருடம்.

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) கடைசிக் காம்பரா அவர்களுடையது. வாசலில் நின்று கழுத்தைக் கொஞ்சம் நீட்டினால் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் ஒரு துண்டு தெரியும். தாத்தா தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், அப்போது 74 வயது. அம்மாயி 68. நாற்பது வருடம் கொழுந்து பறித்த கை, இப்போதும் சும்மா உட்கார்ந்தால் விரல் தானாக எதையாவது கிள்ளிக்கொண்டிருக்கும். அவர்களோடு மாமாவும் அத்தையும், அப்போது கல்யாணமாகாத சித்தியும் இருந்தார்கள். பக்கத்து லயத்தில் அம்மாவும் அக்காவும். நான் கொழும்பில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் இருந்தேன். சித்திரைப் புத்தாண்டுக்கு மூன்று நாள் லீவில் வந்தவன், அந்த வருடப் பொருளாதார நெருக்கடியில் பஸ்ஸுக்கு டீசல் இல்லை, அலுவலகத்துக்குக் கரண்ட் இல்லை என்று மாதக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டேன். ஆகவே இதில் பெரும்பகுதி நான் கண்ணால் பார்த்தது. மீதி அம்மாயி சொன்னது. தாத்தா சொன்னதில் பாதியைத்தான் எழுதியிருக்கிறேன்.

தைப்பொங்கலுக்கு மாமா செய்த நல்ல காரியத்தில்தான் எல்லாம் தொடங்கியது. "அம்மா இனிமே பொகையில கண்ணு கரிக்கக் கூடாது" என்று விறகடுப்பை இடித்துவிட்டு, அந்த இடத்தில் வெள்ளை டைல்ஸ் பதித்து, இரண்டு பர்னர் கேஸ் அடுப்பும் பன்னிரண்டரைக் கிலோ சிலிண்டரும் கொண்டுவந்து வைத்தார். நேரம்தான் சரியில்லை. அதற்கு முந்தைய நவம்பரிலும் டிசம்பரிலும் நாடெங்கும் கேஸ் அடுப்புகள் வெடித்த செய்திதான் டிவியில். அம்மாயி அதையெல்லாம் ஒன்று விடாமல் பார்த்திருந்தார். சிலிண்டரை வீட்டுக்குள் விட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கடைசியில் ஓர் உடன்பாடு: அடுப்பு உள்ளே, சிலிண்டர் வெளியே பட்டர் ஃபுரூட் மரத்தடியில், நடுவில் ஜன்னல் வழியாக டியூப். சிலிண்டருக்கு ஈரச் சாக்குப் போர்த்தி, மேலே குங்குமப் பொட்டும் வைத்தார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் புதிதாக யாரோ முனியாண்டியை வைத்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கலாம். கொழுந்து லொறி டிரைவர் ஒருவர் கும்பிட்டுக்கொண்டு போனதை நானே பார்த்தேன்.

கேஸ் கசிகிறதா என்று பார்க்க சவர்க்கார நுரை தடவிப் பார்க்கச் சொல்லி டிவியில் காட்டினார்கள். குமிழி வந்தால் கசிவு. தாத்தா அந்த வேலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். தினமும் மாலை ஆறு மணிக்குச் சவரக் கிண்ணத்தில் நுரை அடித்து, தன் பிரஷ்ஷாலேயே ரெகுலேட்டரைச் சுற்றி, வால்வுக் கழுத்து, டியூப் மூட்டு எல்லாம் பூசுவார். பூசிவிட்டுக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஸ்டோரில் தேயிலை பதம் பார்த்த அதே முகத்தோடு ஐந்து நிமிடம் குனிந்து பார்ப்பார். பிறகு துண்டால் துடைத்து, இரண்டு தட்டுத் தட்டி, சாக்கைப் போர்த்துவார். பவுடர் போடாததுதான் குறை. கேஸ் நாற்றம் பிடித்த பிரஷ்ஷை முகத்தில் வைக்கக் கூடாது என்று அம்மாயி தடை போட்டதால் அந்த வருடம் முழுக்க சிலிண்டர் வழுவழுவென்று இருந்தது, தாத்தா தாடியோடு இருந்தார்.

இப்படிக் காத்த சிலிண்டர் பெப்ரவரிக் கடைசியில் தீர்ந்தது. புதியது டவுனில் இல்லை. ஹட்டனிலும் இல்லை. பிறகு கரண்டும் போனது. மார்ச் 31ஆம் தேதி 13 மணி நேரம் வெட்டு. காசல்ரீயும் மவுசாக்கலையும் தருகிற தண்ணீரில்தான் லக்சபான பக்கத்து மின்நிலையங்கள் ஓடுகின்றன. தாத்தா வாசலில் நின்று அந்தத் துண்டுத் தண்ணீரைக் காட்டி, "அந்தா கெடக்கு நம்ம கரண்டு. எடுத்துக்க வேண்டியதுதானே" என்பார். ரைஸ் குக்கர் போச்சு. கேஸ் போச்சு. டைல்ஸ் மட்டும் பளபளவென்று இருந்தது.

அம்மாயி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது என்று மாமா இப்போதும் சொல்வார். வாசலில் மூன்று கல்லை வைத்தார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து ஒரு கட்டு மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி, கொண்டுவந்து போட்டார். பற்ற வைத்தார். தேத்தண்ணி கொதித்ததும் முதல் கிளாஸை மாமாவிடம் நீட்டி, "கண்ணு கரிக்கிதாப்பா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்கு மாமா டிசம்பர் வரை பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பால் தேத்தண்ணி என்று எழுதிவிடாதீர்கள், வெறும் சாயம்தான். 400 கிராம் பால்மா 790 ரூபாவுக்குப் போயிருந்தது, அதுவும் கிடைத்தால். கடையில் ஒரு பால் தேத்தண்ணி 100 ரூபா. தோட்டத்தில் அப்போது ஒரு நாள் சம்பளம் 1,000. "ஒரு நா முழுக்க கொழுந்து எடுத்தா பத்து டீ" என்று அம்மாயி கணக்குப் போட்டார். அந்தக் கொழுந்து யாருடையது, டீ யாருடையது என்று அவர் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

சரி, போலிம் கதைக்கு வருகிறேன். கியூவுக்கு எங்கள் பக்கம் போலிம் என்றுதான் சொல்வோம். சிங்களச் சொல், ஆனால் அந்த வருடத்தில் எல்லா மொழிக்கும் அது ஒன்றே போதுமாக இருந்தது.

கேஸ் போலிமுக்குப் போக மாமாவுக்கு நேரமில்லை. தாத்தா தானாக முன்வந்தார். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து, கம்பளிக் கோட்டு, குரங்குக் குல்லா, சாக்கில் சுற்றிய சிலிண்டர் தோளில். முதல் வாரம் பாவமாக இருந்தது. இரண்டாவது வாரம் சந்தேகமாக இருந்தது. மனிதர் சந்தோஷமாகப் போனார், சந்தோஷமாக வந்தார், கேஸ் மட்டும் வரவில்லை. ஒருநாள் கூடவே போய்ப் பார்த்தேன். கடைகள் இன்னும் திறக்காத தெருவில் சிலிண்டர்கள் வரிசையாக, கைப்பிடிக்குள் ஒரே கயிற்றைக் கோத்து, ஒவ்வொன்றிலும் சோக்கால் இலக்கம். ஆட்கள் கடைத் திண்ணைகளில். தாத்தாவின் கையில் ஒரு சி.ஆர். கொப்பி. யார் வந்தது, யார் சாப்பிடப் போனது, யார் நடுவில் சிலிண்டரைச் செருகப் பார்த்தது, எல்லாம் அதில். யாரும் அவரைத் தெரிவு செய்யவில்லை. ஆனால் பொலிஸ்காரர் ஒருவர்கூட அவரிடம்தான் வந்து, "தாத்தே, இன்று எத்தனை?" என்று சிங்களத்தில் விசாரித்துவிட்டுப் போனார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, கொழுந்து நிறுவைக்கு நின்று, அரிசிக் கூப்பனுக்கு நின்று, பிரஜாவுரிமைக் கடுதாசிக்கு நின்று வளர்ந்தவர். கொழும்பில் என் அலுவலகத்து ஆட்கள் ஒரு மணி நேரம் நின்றதற்கே உடைந்துபோனார்கள். தாத்தா வேலைக்குத் திரும்பியது மாதிரி இருந்தார்.

அந்த வரிசையில் தாத்தாவின் சிலிண்டர் 47. 48ஆவது சிலிண்டரில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. அதன் சொந்தக்காரர் மத்தியானம் வந்தார். பொகவந்தலாவைப் பக்கத்து மனிதர், முன்பு தாத்தாவோடு ஒரே ஸ்டோரில் வேலை பார்த்தவர். இருவரும் 31 வருடமாகப் பேசுவதில்லை.

காரணம் ஒரு குடை. தாத்தாவின் அண்ணன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறி இந்தியாவுக்குப் போனவர், கோத்தகிரியில் குடியேறினார். ஒருமுறை இங்கே வந்தபோது மரப்பிடி போட்ட கறுப்புக் குடை ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். 1991இல் ஒரு சாவு வீட்டில் அடைமழை. மயானத்துக்குப் போய்வர அந்தக் குடையை வாங்கிய பொகவந்தலாவைக்காரர் திருப்பித் தரவே இல்லை. கேட்டதற்கு, "என்னா குடை?" என்றாராம். அண்ணன் இறந்த பிறகு அந்தக் குடையின் மதிப்பு தாத்தாவிடம் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போனது. சேமலாப நிதிக்குக்கூட அவ்வளவு வட்டி ஏறியிருக்காது.

இரண்டு நாள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார்கள். சிலிண்டர்கள் மட்டும் ஒரே கயிற்றில் ஒட்டி நின்றன. மூன்றாம் நாள் பின்னேரம் மழை பிடித்தது. எல்லோரும் ஓடி ஒதுங்கியதில், ஒரு சலூன் கடையின் தகர இறக்கத்தின் கீழ் இருவரும் தோளோடு தோள் மாட்டிக்கொண்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். பத்து நிமிடம் பேச்சில்லை. தகரத்தில் மழை மட்டும். பிறகு தாத்தா தெருவைப் பார்த்துக்கொண்டு பொதுவாகச் சொன்னார்:

"இந்த நேரம் கையில ஒரு குடை இருந்தா நல்லாருக்கும்."

மற்றவர் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். "அன்னைக்கே காத்துல மடங்கி ஆத்துல போயிருச்சிய்யா. சொல்ல வெக்கமா இருந்துச்சி" என்றார்.

தாத்தாவுக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது. சிரிப்பில் இருமல் வந்து, சலூன்காரர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. செத்தவர்கள் யார், இருப்பவர்கள் யார், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள். அவருக்கு ஹட்டனில் ஆட்டோ ஓட்டும் மகன், 34 வயது, இன்னும் அமையவில்லை. எங்கள் சித்திக்கு 32, பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) வேலை, இன்னும் அமையவில்லை.

அன்றும் கேஸ் வரவில்லை. நனைந்துபோய் வீட்டுக்கு வந்த தாத்தா வெறும் சிலிண்டரை மரத்தடியில் இறக்கிவிட்டு, "மாப்பிள்ள பாத்துட்டேன்" என்றார். அம்மாயி மூன்று கல்லுக்கு முன்னாலிருந்து நிமிர்ந்து பார்த்து, "கேஸு வாங்கப் போன மனுசன் பேசற பேச்சா இது? காய்ச்ச கண்டுருக்கும், நெத்தியத் தொட்டுப் பாருடா" என்று என்னிடம் சொன்னார். குடைக்காரர் மகன் என்று தெரிந்ததும், "குடைய முழுங்குனவன் வீட்டுல பொண்ணக் குடுத்தா திரும்பி வருமா?" என்றும் கேட்டார். ஆனால் அந்த வார ஞாயிற்றுக்கிழமையே தலை சீவி, காதில் தோடு மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஜூனில் அக்காவுக்குப் பிரசவ வலி. நடு இரவு, ஆட்டோ இருக்கிறது, பெட்ரோல் இல்லை. கொழுந்து லொறியில்தான் போனோம். படங்குக்கு மேல் மெத்தை, மெத்தையில் அக்கா, தலைமாட்டில் அம்மாயி. 1975இல் எங்கள் அம்மாவைப் பெறுவதற்கு அம்மாயி போனதும் கொழுந்து லொறியில்தான். "அன்னைக்கு லொறியில பாட்டரி லைட்டுகூட இல்ல" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அது ஆறுதலா பெருமையா என்று அக்காவுக்கு இன்னமும் தெரியாது. பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. நல்ல பெயர் ஒன்று பதிவில் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் கூப்பிடுவது போலிம் பாப்பா.

அம்மாயி 74ஆம் வருடத்துப் பஞ்சத்தைப் பற்றி அதிகம் பேசுகிறவர் இல்லை. தாத்தாதான் மரவள்ளிக்கிழங்குக் கதைகளை வேடிக்கையாகச் சொல்வார். அம்மாயி எழுந்து போய்விடுவார். மே மாதம் ஒருநாள் அரிசி தீர்ந்து, கடையில் கடனும் இல்லை என்றானபோது, கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பெரிய பிஸ்கட் தகரத்தை இழுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து அதில் போட்டு வந்திருக்கிறார். எத்தனை வருடமாக என்று அத்தை கேட்டார். "பழசத் தின்னுட்டுப் புதுசு போடுவேன்" என்றார். கேட்டது அதுவல்ல. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

ஜூலை 9ஆம் தேதி ஜனாதிபதி மாளிகைக்குள் சனங்கள் புகுந்ததை மாமாவின் போனில் குடும்பமே தலையோடு தலை முட்டிப் பார்த்தது. நீச்சல் குளத்தில் குதிக்கிறார்கள், சோபாவில் புரள்கிறார்கள். ஒருவர் கட்டிலில் ஏறிக் குட்டிக்கரணம் போட்டபோது அம்மாயிக்குப் பொறுக்கவில்லை. "காலக் கழுவிட்டா ஏறுனான்?" நாட்டு நடப்பைப் பற்றி அவர் சொன்ன ஒரே கருத்து அதுதான். தாத்தா அடுத்த நாள் மாளிகையைச் சுற்றிப் பார்க்கச் சனங்கள் வரிசையில் நிற்பதைக் கண்டு, "அங்கயும் போலிம் போட்டுட்டாங்க" என்று திருப்திப்பட்டார்.

கல்யாணம் செப்டெம்பரில் என்று முடிவானது. மாப்பிள்ளை ஆட்டோக்காரர், ஆனால் பெட்ரோலைப் பங்கிடப் புதிதாக வந்த கியூஆர் முறையில் ஆட்டோவுக்கு வாரம் ஐந்து லீற்றர்தான். பொகவந்தலாவைக்கும் எங்கள் தோட்டத்துக்கும் சனங்களை ஏற்றி இறக்க அது எந்த மூலைக்கு? அப்போதுதான் தாத்தாவுக்கு மாட்டுத் தொழுவத்தில் நின்ற தன் பழைய ஹோண்டாவின் ஞாபகம் வந்தது. ஓடி எட்டு வருடமாகிறது. சீட்டில் கோழி அடைகாத்தது. ஆனால் வண்டியின் பதிவுப் புத்தகம் பத்திரமாக இருந்தது. நான்தான் போனில் பதிந்து கொடுத்தேன். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர்.

கேனில் தர மாட்டார்கள், வண்டியைக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனோம். தாத்தா தலையில் ஹெல்மெட்டோடு ஹேண்டிலைப் பிடிக்க, நான் பின்னால் பிரேக்காக இழுத்துக்கொண்டு வர, மூன்று கிலோமீற்றர் இறக்கம். பெட்ரோல் ஷெட்டில் பையன் கியூஆரைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், சங்கிலியில் ஒட்டியிருந்த கோழி இறகைப் பார்த்தான்.

"ஐயா, இது ஓடுமா?"

"பெட்ரோல் இல்லாமத்தானே தம்பி தள்ளிக்கிட்டு வாரோம்" என்றார் தாத்தா.

முன்னாலும் பின்னாலும் நின்றவர்களும் தள்ளிக்கொண்டுதான் வந்திருந்தார்கள். பையனால் மறுத்துப் பேச முடியவில்லை. நான்கு லீற்றர் அடித்த பிறகு, "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க பாப்போம்" என்றான். தாத்தா சுவரிலிருந்த எச்சரிக்கைப் பலகையைக் காட்டி, ஷெட்டுக்குள் ஸ்டார்ட் பண்ணுவது ஆபத்து என்று அவனுக்கே புத்தி சொல்லிவிட்டு, தள்ளச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டினார். வளைவு திரும்பும் வரை வேகமாகத் தள்ளினேன். அப்புறம் மூன்று கிலோமீற்றர் ஏற்றம். அந்த ஏற்றத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. ஐந்து வாரம் இப்படி. ஆறாவது வாரம் பார்த்தால் அந்தப் பையனே இறங்கி வந்து வளைவு வரை தள்ளிவிட்டான்.

வண்டியிலிருந்து இறக்கிய பெட்ரோலைத் தாத்தா கேனில் அடைத்துக் கோழிக்கூட்டுக்குள் ஒளித்துவைத்தார். கேஸ் சிலிண்டரையே வீட்டுக்குள் விடாத அம்மாயிக்குத் தெரிந்தால் என்னவாகும்? கோழிகள்தான் காட்டிக்கொடுத்தன, முட்டை போடுவதை நிறுத்திவிட்டன. கண்டுபிடித்த அன்று அம்மாயி போட்ட சத்தத்தில் மூன்று லயம் வாசலுக்கு வந்தது. இரவோடு இரவாகக் கேன்கள் சம்பந்தி வீட்டுக்குப் போயின.

தாத்தா பெட்ரோல் சேர்த்த பெருமையை ஊர் முழுக்கச் சொன்னார். தாலிக்கொடிக்குக் காசு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டார். இரசாயன உரத்தைத் தடை செய்ததற்குப் பிறகு, தடை போன பின்னும் உர விலை எட்டாமல் போய், மரக்கறித் தோட்டக்காரர்கள் மாட்டெருவுக்கு அலைந்தார்கள். அம்மாயியிடம் இரண்டு மாடு. மூட்டை மூட்டையாக விற்று, காசைத் தலையணை உறைக்குள் தைத்து வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முந்திய வாரம் தலையணையைப் பிரித்து மேசையில் கொட்டினார். நோட்டில் லேசாகச் சாணி வாசம். நகைக்கடைக்காரர் மூக்கைச் சுளித்தாலும் எண்ணி வாங்கிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முன்பான ஞாயிற்றுக்கிழமை, 11ஆம் தேதி, ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி. பந்தல் கட்ட வந்த இளவட்டமெல்லாம் பக்கத்து வீட்டு டிவி முன்னால். அங்கிருந்து ஒரே கூச்சல், "ராஜபக்ச அடிக்கிறான்! ராஜபக்ச அடிக்கிறான்!" தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாயி திடுக்கிட்டு, "திரும்பி வந்துட்டாரா?" என்றார். பானுக்க ராஜபக்ச ஆட்டமிழக்காமல் 71 ஓட்டம் எடுத்து, பாகிஸ்தானை 23 ஓட்டத்தால் வென்ற மேட்ச் அது. ஜூலையில் நாட்டைவிட்டு ஓடிய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவும் அதற்குச் சில நாள் முன்னால்தான் நாடு திரும்பியிருந்தார், ஆகவே அம்மாயியின் கேள்வியும் பிழை இல்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கோதுமை மா கிலோ நானூறைத் தொட்டிருந்ததால் பலகாரம் குறைவு, வாயாடல் கூடுதல். மாப்பிள்ளை வீட்டுச் சீர்த் தட்டில் சேலைக்கு மேலே நீளமாக ஒரு பொட்டலம் இருந்தது. தாத்தா பிரித்தார். கறுப்புக் குடை, மரப்பிடி. கூட்டத்தில் கொஞ்சம் பேருக்குத்தான் விஷயம் தெரியும், அவர்கள் மட்டும் கைதட்டினார்கள். தாத்தா அதை விரித்து, பிடியைத் தடவி, ஒரு கம்பியை ஆட்டிப் பார்த்து, "பழசு மாதிரி வராது" என்றார். போட்டோவில் பந்தலுக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு தாடியோடு நிற்பவர் அவர்தான்.

டிசம்பரில் நான் மறுபடி லீவில் போனபோது கேஸ் தாராளமாகக் கிடைத்தது. மாமாவின் டைல்ஸ் மேல் மூன்று கல் ஏறியிருந்தது, சுவரெல்லாம் கரி. தாத்தா ஒருநாள் விடியலில் கோட்டும் குல்லாவும் மாட்டி, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு, சி.ஆர். கொப்பியையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். கடை திறக்கும் வரை காத்திருந்துவிட்டு எட்டரைக்கெல்லாம் திரும்பிவிட்டார். முகம் செத்திருந்தது.

"கேஸ் இல்லையா தாத்தா?"

"இருக்கு. ஒரு நாய்கூட நிக்கல. காச நீட்டுனேன், தூக்கிக் குடுத்துட்டான்."

சிலிண்டரை மரத்தடியில் வைத்தார். சாக்கை நனைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்து, சவரக் கிண்ணமும் பிரஷ்ஷும் வேண்டும் என்று குரல் கொடுத்தார். அம்மாயி ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்காமலே உள்ளேயிருந்து சொன்னார்:

"மொதல்ல ஒங்க மூஞ்சிக்குப் போடுங்க அந்த நொரைய."